புள்ளி இல்லாத சூரியன்

ஏணியிலிருந்து இறங்கிய கிஷாந்த் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எப்பிடி மாமா இருக்கு?" என்று கேட்டான். கல்யாணப் பந்தலுக்கு வாழை கட்டிவிட்டு அபிப்பிராயம் கேட்கிறவன் மாதிரி இருந்தது அவன் கேட்ட விதம். லெட்சுமணன் அண்ணாந்து பார்த்தார். தலவாக்கலை மெயின் ரோட்டிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் திரும்பும் சந்தின் வாயில், கரண்டுக் கம்பத்துக்கும் டெலிபோன் கம்பத்துக்கும் நடுவில் பெனர் விறைப்பாக நின்றது. அதில் அவர் மனைவி ஜெயலெட்சுமி பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால், சாமிப் படத்தில் போடுவதுபோல, பெரிதாக ஒரு மஞ்சள் சூரியன். கீழே 'கண்ணீர் அஞ்சலி', பிறந்த தேதி, இறந்த தேதி, கூப்பிய இரண்டு கைகள்.

ஆனி மாதத்துத் தூறல் கண்ணாடியில் படிந்திருந்தது. லெட்சுமணன் அதைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சூரியனின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை பார்த்தார். ஒன்றுமில்லை.

"எங்கடா அது?"

"எது மாமா?"

"அந்தக் கறுப்புப் புள்ளி."

"ஓ, அதுவா? ஏதோ அழுக்கு மாதிரி இருந்துச்சு. நான்தான் கம்ப்யூட்டர்ல கிளீன் பண்ணிட்டேன்." சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவன்போல நின்றான்.

லெட்சுமணனுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "அவுருடா அதை," என்றார்.

காலையிலிருந்தே அவருக்கு எரிச்சல்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து, செவ்வாய்க்கிழமை ஜெயலெட்சுமி போய்ச் சேர்ந்தாள். மலர்ச்சாலைக்காரர்கள் நேற்றுச் சாயங்காலம் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் கொண்டுவந்து ஹாலில் வைத்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் அவருக்கு உட்கார ஓர் இடமில்லை. எந்தக் கதிரையில் உட்கார்ந்தாலும் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி நடந்தது, எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது என்று முதலிலிருந்து கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து நின்றார். வந்தவர்களுக்குப் போடும் தேயிலைச் சாயத்தண்ணிக்குச் சீனி எங்கே என்று ஒருத்தி கேட்டாள். பந்தல்காரன் தகரம் பத்தாது என்றான். சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டினவன் அவருடைய கடைக்கதவையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். செத்தவள் நிம்மதியாகப் படுத்திருந்தாள். இருக்கிறவனுடைய உயிரை எல்லாரும் பிய்த்து எடுத்தார்கள். அழுவதற்குக்கூட ஆற அமர ஐந்து நிமிஷம் வேண்டாமா?

இதெல்லாம் போகட்டும் என்றுதான் பொறுத்திருந்தார். பெனரைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது.

அந்தப் புள்ளியின் கதை கொஞ்சம் நீளம். ஜெயலெட்சுமி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, படித்து, டவுன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சராக வந்தவள். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த லெட்சுமணனைக் கட்டிக்கொண்டாள். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. நல்ல பெண்டாட்டி வாய்த்தாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, நுவரெலியாவில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். ஊரில் இருக்கிறவர்கள் அதில் நிலாவைப் பார்ப்பார்கள். இவளுக்குச் சூரியன் வேண்டும். இந்த ஊரில் இரவானால் மூடுபனி, பகலில்தான் கொஞ்சமாவது வானம் தெரிகிறது என்பது அவள் நியாயம். முன்கண்ணாடிக்கு வெள்ளித்தாள் போல ஒன்றை மாட்டி, பின்னால் கேமராவைப் பொருத்தி, சூரியனைப் படம் எடுக்க ஆரம்பித்தாள்.

சூரியனை எடுப்பதோடு விட்டாளா? விண்வெளி நிலையம் என்று ஒன்று நானூறு கிலோமீட்டர் உயரத்தில் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். எப்போதாவது அது சூரியனுக்குக் குறுக்கே போகுமாம். அப்போது எடுக்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்பதை இணையத்தில் பார்த்து வைத்துக்கொள்வாள். இரண்டு மூன்று மைல் அகலமான ஒரு பட்டைக்குள் நின்றால்தான் தெரியும். அந்தப் பட்டை இவர்கள் வீட்டு வாசல் வழியாக ஒருநாளும் போனதில்லை. கொட்டகலைக்கு மேலே ஏதாவது மலையிலோ, நானுஓயாவுக்கு அந்தப் பக்கமோதான் போகும். நல்ல வியாபார நாளாகப் பார்த்துக் கடையைப் பூட்டிவிட்டு, மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, லெட்சுமணன் பின்னால் ஏற வேண்டும். மேலே போனதும் அவருக்கு இன்னொரு உத்தியோகம். வெளிச்சம் அடித்தால் கேமராத் திரை தெரியாது என்று, கறுப்புக் குடையை அவள் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும்.

"கை மாத்தாதீங்க, ஆடுது," என்பாள் திரும்பாமலே.

"வலிக்குதுடி."

"ஒரு நிமிசம்."

அவளுடைய ஒரு நிமிஷம் அரை மணித்தியாலம். சரியாக அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து சூரியனை விழுங்கிவிடும். மூட்டை கட்டிக்கொண்டு இறங்கும்போது வழி முழுக்க அவர் திட்டிக்கொண்டு வருவார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த தேதியைச் சொல்லிக்கொண்டு வருவாள். அப்படியே ஐந்து வருஷம் ஓடியது.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் சூரியன் வெறுமனே இருந்தது. பதினொரு வருஷத்துக்கு ஒருதடவை அதன் மேலுள்ள புள்ளிகள் எல்லாம் மறைந்துவிடுமாம். வாரக்கணக்கில் ஒரு பொட்டுக்கூட இல்லாமல், மாவை ஊற்றித் தேய்த்த தோசை மாதிரி கிடந்தது. ஜெயலெட்சுமிக்கு அதிலும் குறை. ஒரு புள்ளியாவது இருந்தால் அதைப் பார்த்துக் கேமராவில் தெளிவு வைக்கலாம், எதைப் பார்த்து வைக்கிறது என்று புலம்பினாள். "அப்ப விட்டுத்தொலையேன்," என்றார் லெட்சுமணன். அவள் தலையை ஆட்டினாள். "இல்லைங்க. ஒண்ணுமே இல்லாத நாள்ல அது குறுக்க போச்சுன்னா, அது ஒண்ணு மட்டுந்தான் இருக்கும்."

அந்த வருஷம் மாசி மாதம், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் அந்தப் படம் கிடைத்தது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமரா படபடவென்று அடித்து ஓய்ந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் திரையைக் குனிந்து பார்த்தாள், படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமோ என்று பயந்து அவர் குடையை எறிந்துவிட்டு அவளைப் பிடித்தார். அவள் கேமராவை நீட்டினாள். வெறும் சூரியன். அதில் இடது பக்கம் கொஞ்சம் கீழே, எள்ளைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு. உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் இறக்கை.

"இதுக்கா அஞ்சு வருசம்?" என்றார்.

"இதுக்குத்தான்," என்றாள். அவள் அப்படிச் சிரித்து அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அந்தச் சிரிப்பு இல்லை.

படத்தை யாருக்குக் காட்டினாலும் ஒரே கூத்துத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர்த் திரையை விரலால் துடைத்தார்கள். லெட்சுமணனுடைய அக்கா பூரணி முந்தானையை எடுத்து எச்சில் தொட்டே துடைத்தாள். "அது அழுக்கு இல்ல அண்ணி. அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்க," என்று ஒவ்வொரு தடவையும் ஜெயலெட்சுமி சொன்னாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கடைசியில் காட்டுவதையே விட்டுவிட்டாள். சுவரில் மாட்டலாமே என்று மகள் தக்ஷிகா கேட்டதற்கு, மாட்டினால் வருகிறவர்கள் எல்லாம் துடைப்பார்கள், வேண்டாம் என்றாள்.

அந்தப் படத்தைத்தான் பூரணி அக்காவின் மகன், ஹட்டனில் பெனர் அடிக்கும் கடை வைத்திருக்கும் கிஷாந்த், நேற்று தக்ஷிகாவிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அத்தையின் கம்ப்யூட்டரில் சூரியன் படம் ஆயிரக்கணக்கில் இருந்ததாம். இந்த இரண்டு வருஷமும் எடுத்ததில் எல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி ஒரே புள்ளியாம். அவன் தேடிப் பார்த்த வரைக்கும் இது ஒன்றுதான் சுத்தமாக இருந்ததாம், இதில் இருந்த ஒரே ஒரு அழுக்கையும் எடுத்துவிட்டானாம். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இரவு முழுக்கத் தூங்காமல் காசு வாங்காமல் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அதுதான் லெட்சுமணனுக்கு இன்னும் ஆத்திரம். திட்டவும் முடியவில்லை.

"அவுருடான்னு சொல்றேன்ல. புள்ளியோட வேற அடிச்சுக் கொண்டா."

கிஷாந்த் மணியைப் பார்த்தான். ஹட்டனில் நாலு மணி வரைக்கும் கரண்ட் இல்லை என்றான். ராகு காலம் மூன்றுக்கு முடிந்ததும் பிரேதத்தை எடுக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் புதிதாக அடித்துக் கட்டலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"முப்பத்தொண்ணுக்கு அவ வந்து பாப்பாளாடா? இன்னைக்கு இது வழியாத்தானே போறா?"

சத்தம் கேட்டுப் பூரணி அக்கா சந்துக்கு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தாள். சாவுக்குக் கட்டின பெனரைப் பிணம் போவதற்கு முன்னால் அவிழ்த்தால் வீட்டில் இன்னொன்று விழும் என்றாள். பெனர் வந்தே பதினைந்து இருபது வருஷம்தான் இருக்கும், அதற்குள் இதற்கு ஒரு சாத்திரம் எங்கிருந்து முளைத்தது என்று லெட்சுமணனுக்கு விளங்கவில்லை. ஆனால் அக்கா சொன்ன தோரணையில், ஏணிப்பக்கம் போன இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஒரு அழுக்குக்காக நடுரோட்டில் நின்று கத்துகிறானே, பித்துப் பிடித்துவிட்டதா என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

உள்ளே தக்ஷிகா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கொழும்பிலிருந்து வந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவர் குனிந்து, பெனரில் புள்ளியை அழித்துவிட்டான்கள் என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் சட்டென்று கோபம் வந்தது. "எந்தப் புள்ளி? அம்மாவோடதா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். இந்த வீட்டில் புரிந்துகொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

தோட்டத்திலிருந்து ஜெயலெட்சுமியின் அண்ணன் தப்பு மேளம் அடிக்கிறவர்களோடு கோடிச்சேலை கொண்டுவந்தார். மஞ்சள் பூசி, பூ வைத்து, சேலை போர்த்தினார்கள். அதற்கப்புறம் அஞ்சலிக் கூட்டம் என்று மைக்கை வைத்தார்கள். மரண உதவிச் சங்கத் தலைவர் பழனியாண்டி இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று தொடங்கிக் கால் மணித்தியாலம் பேசினார். பிறகு பள்ளிக்கூட அதிபர் வந்தார். நல்ல மனுஷன், ஜெயலெட்சுமியிடம் மரியாதை உள்ளவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, வரும் வழியில் பெனரைப் பார்த்ததாகவும், டீச்சருக்குப் பின்னால் இருந்த சூரியனைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போனதாகவும் சொன்னார். "ஒரு சின்னக் களங்கங்கூட இல்லாத அந்தச் சூரியனைப் போல, மாசு மருவில்லாத வாழ்க்கை வாழ்ந்தவர் எங்கள் டீச்சர்..."

"இருந்துச்சு சேர்," என்றார் லெட்சுமணன்.

மைக் இல்லாமலே அது தெருவரைக்கும் கேட்டது. தப்புக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிபர் பேச்சை நிறுத்தினார்.

"அதுல ஒண்ணு இருந்துச்சு. இவனுங்க அழிச்சிட்டானுங்க." லெட்சுமணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "அஞ்சு வருசம் மலை மலையா ஏறுனா. நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு நாய் மாதிரிப் பின்னால போனேன். சூரியன்ல ஒரு புள்ளிகூட இல்லாத வருசம் பார்த்து, அந்த ஒண்ண மட்டும் புடிச்சா. அது அழுக்கு இல்ல. அதுக்குள்ள ஆளுங்க இருந்தாங்க."

பூரணி அக்கா பெட்டியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் தக்ஷிகா உடைந்து அழுதாள், நேற்றிலிருந்து அழுததெல்லாம் அழுகையே இல்லை என்பதுபோல. வாசலில் நின்றிருந்த கிஷாந்த் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதிபர் மெதுவாக, என்னை மன்னிக்கணும் என்று சொல்லி மைக்கை வைத்தார்.

மூன்று மணிக்கு வாய்க்கரிசி போட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். மூடி போடவில்லை. இடுகாட்டில்தான் மூடுவது. மூடியை ஒருவர் தனியாகத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். தூறிக்கொண்டிருந்ததால் லெட்சுமணன் கதவுக்குப் பின்னால் கையை விட்டுக் குடையை எடுத்தார். வந்தது அந்தக் கறுப்புக் குடைதான். மைதானத்தில் எறிந்ததில் முறிந்த கம்பியை ஜெயலெட்சுமி செப்புக் கம்பியால் சுற்றி வைத்திருந்தாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

சந்து முனையில் கூட்டம் தானாக நின்றது. பெனருக்கு நேர் கீழே ஏணி சாய்த்து வைத்திருந்தது. கிஷாந்த் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். தலை தொப்பலாக நனைந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து தடித்த மார்க்கர் ஒன்றை எடுத்து மாமாவிடம் நீட்டினான். "இது மழைக்குப் போகாது மாமா," என்றான். "நான் போட்டா தப்பாப் போட்டுருவேன்."

லெட்சுமணன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தப் பாக்குற? அவுக்காம என்னமோ பண்ணு," என்றாள் பூரணி.

குடையை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறினார். மேலே போய்ப் பார்த்தால் சூரியனே இல்லை. கிட்டத்தில் அது வெறும் மஞ்சள் மையும் நனைந்த பிளாஸ்டிக்கும். எது மேல், எது கீழ் என்று பிடிபடவில்லை. கீழே இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள், புள்ளியைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

"சும்மா இருங்க எல்லாரும்," என்றாள் தக்ஷிகா. பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். "எடது பக்கம்ப்பா. அம்மா தோளுக்கு மேல. இன்னும் கொஞ்சம் மேல. அங்கதான்."

ஒரு சின்னத் தண்டு போட்டார். பிறகு இரண்டு பக்கமும் இறக்கை. கீழே தப்புச் சத்தம் நின்றிருந்தது. மெயின் ரோட்டில் நுவரெலியா பஸ் ஒன்று ஹார்ன் அடிக்காமல் காத்து நின்றது. அவர் இறங்கி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார். இறக்கையெல்லாம் கீழேயிருந்து தெரியவில்லை. ஒரு அழுக்குத்தான் தெரிந்தது.

"கொஞ்சம் பெருசாப் போச்சு," என்றார் எரிச்சலோடு.

"பரவாயில்லப்பா," என்றாள் தக்ஷிகா.

தப்பு மறுபடி ஒலித்தது. பெட்டி பெனருக்குக் கீழே போய், ரோட்டைக் கடந்து, இடுகாட்டுக்குப் போகும் தேயிலை மலைப் பாதையில் ஏறியது. பாதி ஏறியபோது தூறல் விட்டது. மேகம் விலகி, நாள் முழுக்கக் காணாமல் இருந்த வெயில் பளிச்சென்று அடித்தது. பெட்டியில் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

லெட்சுமணன் பூரணியிடமிருந்து குடையை வாங்கி விரித்தார். மழை விட்டப்புறம் எதுக்குக் குடை என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவர் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய், குடையைச் சாய்த்து, நிழல் அவள் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் விழும்படி பிடித்துக்கொண்டு நடந்தார். மேடு. கொஞ்ச தூரத்திலேயே தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. மேலே போய்ச் சேரும் வரைக்கும் அவர் கை மாற்றவில்லை.